ராத்திரி ஃபேன், கூலர், ஏசி சத்தத்தை அடக்கறது எப்படி: காட்பாடி, சித்தூர் பக்கத்து வீடுகளுக்கு

நம்ம பக்கம் காட்பாடி, குடியாத்தம், பரதராமி, பார்டர் தாண்டுனா குடிபாலா, சித்தூர்னு எந்த ஊரை எடுத்தாலும் மார்ச் கடைசில சுத்த ஆரம்பிக்கற ஃபேன் மழை எறங்கற வரைக்கும் நிக்கறதே இல்ல. கத்திரி வெயில்ல 40 டிகிரி சாதாரணமா தாண்டுது, சுத்திலும் பாறை மலை, தலைக்கு மேல கான்க்ரீட் தளம், பகல் பூரா வாங்குன சூட்டை ராத்திரி 11 மணிக்கு மேலயும் வெளிய விட்டுட்டே இருக்கும், அதனால ஃபேனோ கூலரோ ஏசியோ இல்லாம தூக்கம்ங்கற பேச்சுக்கே இடமில்ல. ஆனா வாங்கறப்பவும் சரி ரிப்பேர் பண்றப்பவும் சரி காத்து வருதா, சில்லுன்னு இருக்கான்னு மட்டும்தான் பாக்கறோம், அது போடற சத்தத்தை யாருமே கணக்குல எடுக்கறதில்ல. காலைல எழுந்தா தலை பாரமா இருக்கு, புள்ளைங்க எரிஞ்சு விழுதுங்க, வீட்ல பெரியவங்க ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தேன்னு சொல்றாங்க, நாம எல்லாப் பழியையும் வெயில் மேல போட்டுடறோம். சத்தத்துக்கும் அதுல நல்ல பங்கு இருக்கு, அதைப் பெரிய செலவு இல்லாமலே கொறைக்கலாம், அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

மொதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வரும். தூக்கத்தைக் கெடுக்கறதுல சத்தம் எவ்வளவு பெருசுங்கறதை விட அது எப்படி மாறுதுங்கறதுக்குத்தான் பங்கு ஜாஸ்தி. ஒரே மாதிரி "ஊஊ"ன்னு ஓடற ஃபேன் சத்தத்துக்கு காது பழகிடும், அது பாட்டுக்கு ஓடும் நாம பாட்டுக்குத் தூங்குவோம். அதே ஃபேன்ல ஒரு சுத்துக்கு ஒரு தடவை "டிக்"னு ஒரு சின்ன சத்தம் வந்தா போச்சு, மூளை அடுத்த "டிக்" எப்பன்னு காத்துட்டே இருக்கும். காட்பாடி ஜங்ஷன் பக்கத்துல குடியிருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க, ராத்திரி பூரா சென்னை லைன்லயும் திருப்பதி லைன்லயும் வண்டி போய்ட்டே இருக்கும், ஃபேன் ஓடற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, கரண்ட் போய் ஃபேன் நின்ன அடுத்த நிமிஷம் ஹாரன் சத்தம் காதுல வந்து விழும், எழுந்து உக்காந்துடுவாங்க. அதனால நாம மொதல்ல தேட வேண்டியது விட்டு விட்டு வர்ற சத்தத்தை. ஒரே சீரா வர்ற சத்தத்தை அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

கணக்கும் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1999ல குடுத்த வழிகாட்டுதல்ல, படுக்கற ரூம்ல தொடர்ந்து வர்ற சத்தம் 30 டெசிபலுக்குள்ள இருக்கணும், திடீர்னு வர்ற சத்தம் 45ஐ தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நம்ம நாட்டு 2000ம் வருஷத்து சத்த மாசு விதிகள்ல குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் 45 டெசிபல். டெசிபல் சாதாரண கூட்டல் கழித்தல் மாதிரி வேலை செய்யாது, 10 ஏறுனா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமா கேக்கும், அதனால 5 கொறைச்சாலே பெரிய விஷயம். நல்ல வேகத்துல ஓடற சீலிங் ஃபேனே 30ஐ ஈஸியா தாண்டிடும், மே மாசம் நம்ம ஊர்ல அந்த நம்பரைப் புடிக்கணும்னு நெனச்சா வேர்த்து ஊத்திட்டுத்தான் படுக்கணும். 30 வரலியேன்னு கவலைப்படாதீங்க, இருக்கற சத்தத்தை சீராக்கி அதுல ஒரு அஞ்சு பத்து கொறைச்சா போதும்.

இப்ப வேலைக்கு வரலாம். ஒரு நாள் ராத்திரி டிவி எல்லாம் ஆஃப் பண்ணி தெரு அடங்குன அப்புறம் உக்காருங்க, வீட்ல இருக்கறவங்க கிட்ட சொல்லிட்டு மெயின் போர்டுல இருக்கற எம்சிபி (ட்ரிப் சுவிட்ச்) எல்லாத்தையும் கீழ எறக்கிடுங்க, ஃப்ரிட்ஜ் சேத்துதான். ரெண்டு நிமிஷம் சும்மா காது குடுங்க. இது உங்க வீட்டோட அடி சத்தம், ரோடு, நாய், பக்கத்து வீட்டு அவுட்டோர் யூனிட், இதுக்குக் கீழ எவ்வளவு முயற்சி பண்ணாலும் போக முடியாது. இப்ப ஒவ்வொண்ணா போடுங்க, ஃபேன் மட்டும், அப்புறம் ஃப்ரிட்ஜ், அப்புறம் ஏசியோ கூலரோ. ஒவ்வொண்ணு போடறப்பவும் கட்டில்ல தலை வைக்கற எடத்துல இருந்து கேளுங்க, மிஷின் பக்கத்துல போய் நின்னு கேக்கறதுல பிரயோஜனம் இல்ல. ஃபோன்ல டெசிபல் பாக்கற ஆப் போட்டுக்கலாம், அது காட்டற நம்பரை அப்படியே நம்ப முடியாது, ஆனா அதே ஃபோனை அதே எடத்துல வெச்சு முன்னாடி பின்னாடி எவ்வளவு வித்தியாசம்னு பாக்கறதுக்கு தாராளமா போதும்.

சத்தம் வர்றப்ப கையை வெச்சு அழுத்திப் பாருங்க, ஜன்னல் கதவு, கூலர் தகரம், அலமாரிக் கதவு, ஸ்டெபிலைசர் டப்பா, எதை அழுத்துனா சத்தம் நிக்குதோ அதுதான் ஆளு. மிஷினை சந்தேகப்படறதுக்கு முன்னாடி காத்துல ஆடற சாமான் எல்லாத்தையும் பாத்துடுங்க. எங்க ஆயா ரூம்ல ஃபேனு "சட சட"ன்னு அடிக்குதுன்னு ஒரே புகார், கடைசில பாத்தா செவுத்துல மாட்டியிருந்த நாள் காலண்டர், கிழிக்க வேண்டிய தாளு காத்துல தூக்கித் தூக்கி அட்டைல அடிச்சுட்டு இருந்துச்சு, ஒரு ரப்பர் பேண்ட் போட்டதும் அடங்கிடுச்சு. திரைச்சீலை வளையம், கொசு வலைக் கம்பி, கதவுக்குப் பின்னாடி ஆணில தொங்கற பை, சாமி படத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலை, எல்லாமே இந்த லிஸ்ட்ல வரும்.

சீலிங் ஃபேன்

ஃபேன்ல ஒரே ஒரு சோதனை தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ஃபுல் ஸ்பீடுல ஓட விட்டு டக்குன்னு சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. ஃபேன் இன்னும் சுத்திட்டு இருக்கறப்பவே சத்தம் மட்டும் நின்னுடுச்சுன்னா அது கரண்ட் சம்பந்தப்பட்டது, ரெகுலேட்டர், வோல்டேஜ், இன்வெர்ட்டர் இப்படி ஏதோ ஒண்ணு. சுத்து கொறையக் கொறைய சத்தமும் கூடவே கொறைஞ்சுட்டு வந்தா அது உடம்புல இருக்கற கோளாறு, றெக்கை, ஸ்க்ரூ, பேரிங், மேல இருக்கற ரப்பர். மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லிட்டீங்கன்னா அவர் நேரா அந்த எடத்துக்குப் போவாரு, சும்மா கண்டென்சரை மாத்திட்டுப் போக மாட்டாரு.

உடம்புக் கோளாறுன்னா எம்சிபியை எறக்கிட்டு, கெட்டியான ஸ்டூல் போட்டு, ஒருத்தரைப் புடிச்சுக்கச் சொல்லிட்டு ஏறுங்க. மொதல்ல றெக்கையை மேல் பக்கம் கீழ் பக்கம் ரெண்டும் தொடைங்க, ஒரு றெக்கைல அழுக்கு ஜாஸ்தியா படிஞ்சாலே பேலன்ஸ் போய் ஆடும். எல்லா ஸ்க்ரூவும் ஒரே டைட்டா இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒரு நீளமான குச்சியை தளத்துல முட்டுக் குடுத்து நேரா நிறுத்தி ஒரு றெக்கை நுனி எங்க வருதுன்னு பென்சில்ல கோடு போடுங்க, குச்சியை நகத்தாம றெக்கையை மட்டும் கையால சுத்தி அடுத்ததைக் கொண்டு வாங்க, மூணும் அதே கோட்டுல வரணும். ஒண்ணு ரெண்டு எம்எம் பரவாயில்ல, அரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தா அந்த றெக்கை வளைஞ்சிருக்கு இல்லன்னா அதைப் புடிக்கற பட்டை வளைஞ்சிருக்கு. மெல்ல சரி பண்ணிப் பாருங்க, ஆகலன்னா மூணு றெக்கையையும் செட்டா மாத்துங்க, ஒண்ணு மட்டும் வேற ஃபேன்ல இருந்து எடுத்துப் போட்டா எடை ஒத்துப் போகாது. காசை டேப் போட்டு ஒட்டறாங்க சில பேர், அது கழண்டு பறந்தா கண்ணு போய்டும், அதைச் செய்யாதீங்க.

மேல கொக்கில மாட்டற எடத்துல ஒரு சின்ன ரப்பர் உருளை இருக்கும், அது காஞ்சு கல்லு மாதிரி ஆயிடும் இல்ல தேஞ்சு போயிருக்கும், விலை ரொம்பக் கம்மி, அதை மாத்துனா பாதி வீட்ல "ங்ங்"ங்கற அதிர்வு போய்டும். மேல் கப்பு தளத்தைத் தொடாம ஒரு விரல் கேப் இருக்கணும், தொட்டுட்டு இருந்தா ஃபேன் சத்தம் தளம் வழியா மாடி வீட்டுக்காரங்களுக்கும் போகும். கப்பை எறக்கறப்பவே போல்ட்டும் அதைப் பூட்டற பின்னும் சரியா இருக்கான்னு கண்ணால பாத்துடுங்க, இது சத்தத்தை விட முக்கியம்.

கையால சுத்துறப்ப "கர கர"ன்னு மணல் அரைபடற மாதிரி கேட்டா பேரிங் போயிடுச்சு. நம்ம ஊர்ல ஒடனே தேங்காண்ணை விடுவாங்க. சீலிங் ஃபேன்ல இருக்கறது பால் பேரிங், உள்ள கிரீஸ் அடைச்சு மூடி வெச்சது, எண்ணெய் விட்டா தூசி சேந்து இன்னும் கெடும், சூட்டுல காறிப் போய் பிசுபிசுன்னு ஆயிடும். பேரிங்கை மாத்தறதுதான் வழி, அது மெக்கானிக் வேலை. பழைய டேபிள் ஃபேன்ல மட்டும் பால் இல்லாத வெறும் உலோக வளையம், புஷ்னு சொல்வாங்க, அது இருக்கும், அதுக்கு தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு தாராளமா விடலாம்.

கரண்ட் கோளாறுன்னு தெரிஞ்சா ரெகுலேட்டரைப் பாருங்க. அஞ்சுல வெச்சா சத்தம் இல்ல, ரெண்டு மூணுல வெச்சா "ம்ம்ம்"னு முனகுதுன்னா திருகித் திருகி கூட்டிக் கொறைக்கற டிம்மர் மாதிரி ரெகுலேட்டரா இருக்கும். அது கரண்ட் அலையை வெட்டி வெட்டி அனுப்பும், அதான் மோட்டார் முனகுது. "டக் டக்"னு படிப்படியா நிக்கற கண்டென்சர் டைப் ரெகுலேட்டர் போட்டா அந்த முனகல் அடங்கிடும். இன்வெர்ட்டர்ல ஓடறப்ப மட்டும் முனகுதுன்னா உங்க இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா (கரண்ட் அலையைக் கட்டம் கட்டமா குடுக்கறது) இருக்கும், அடுத்த தடவை மாத்தறப்ப லைன் கரண்ட் மாதிரி சீரான அலை குடுக்கற சைன் வேவ் கேட்டு வாங்குங்க, கரண்ட் போற எல்லா ராத்திரியும் இந்த ஒரு விஷயத்துக்காகவே நிம்மதியா இருக்கும். புதுசா ஃபேன் வாங்கறவங்க பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் பாக்கலாம், சாதா ஃபேன் 75 வாட்ஸ் கிட்ட இழுக்கற எடத்துல அது 30 சொச்சம்தான், ஸ்பீடை உள்ளயே கன்ட்ரோல் பண்றதால ரெகுலேட்டர் முனகலும் இல்ல. ஆனா மாட்டறப்ப செவுத்துல இருக்கற பழைய ரெகுலேட்டரை எடுத்துட்டு நேரா சுவிட்ச்ல குடுக்கச் சொல்லுங்க.

கோளாறே இல்லாத ஃபேன்லயும் காத்தோட சத்தம்னு ஒண்ணு இருக்கு, அது ஸ்பீடைப் பொறுத்து ரொம்ப வேகமா ஏறும். ஸ்பீடை அஞ்சுல ஒரு பங்கு கொறைச்சா சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் எறங்கிடும். அதனால ஒரு ஃபேனை அஞ்சுல வெச்சு அலற விடறதை விட சீலிங் ஃபேனை மூணுல வெச்சுட்டு ஜன்னலோரமா ஒரு டேபிள் ஃபேனை ஸ்லோவா போடுங்க, ஒடம்புல படற காத்து கொறையாது, ரூம் அமைதியா இருக்கும். இது எனக்கு ரொம்பப் புடிச்ச வழி, காசே செலவில்ல.

கூலர்

நம்ம பக்கம் வெயில்ல ஈரப்பதம் கம்மி, அதனால கடலோர ஊருங்களை விட இங்க கூலர் நல்லா வேலை செய்யும், அதான் காட்பாடில இருந்து சித்தூர் வரைக்கும் எந்தத் தெருவுல போனாலும் ஜன்னல்ல ஒரு தகரக் கூலர் தொங்குது. ஆனா வீட்ல இருக்கற மிஷின்லயே சத்தத்துல மொத எடம் இதுக்குத்தான். ரூமுக்குள்ள வெச்சா பேச்சே கேக்காது, ஜன்னலுக்கு வெளிய ஸ்டேண்ட் போட்டு வைக்கறதுதான் நல்லது. ஸ்டேண்டு காலுக்கும் தரைக்கும் நடுவுல பழைய டயர் துண்டு வைங்க, கூலர் உடம்பு ஜன்னல் கம்பியைத் தொடற எடத்துல சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் சுத்துங்க. தகரம் அதிர்ந்தா எந்தப் பக்கத் தகரம்னு கை வெச்சுப் பாத்து அந்த ஸ்க்ரூவுக்கு ஒரு ரப்பர் வாஷர் போடுங்க.

இதுல தண்ணி சம்பந்தப்பட்ட சத்தம் தனிக் கணக்கு. "கர்ர்ர்"னு இருந்தாப்ல இருந்து கத்துச்சுன்னா பம்ப்பு காத்தை இழுக்குது, தண்ணி கீழ போயிடுச்சுன்னு அர்த்தம், அப்படியே விட்டா பம்ப்பு எரிஞ்சுடும். தண்ணி ஃபுல்லா இருந்தும் கத்துனா உள்ள இருக்கற சின்ன சக்கரத்துல முடி சுத்தியிருக்கும் இல்ல உப்பு படிஞ்சிருக்கும். நம்ம போர் தண்ணி எவ்வளவு உப்புன்னு பக்கெட்டைப் பாத்தாலே தெரியும், வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கும்ல, அதே உப்புதான் பம்ப்புலயும் பேட்லயும். பிளக்கைப் புடுங்கிட்டு பம்ப்பை வெளிய எடுத்து, அந்த சக்கரத்தையும் அதோட மூடியையும் மட்டும் கழட்டி வினிகர் கலந்த தண்ணில ஒரு மணி நேரம் ஊறப் போட்டு பழைய டூத் பிரஷ்ல தேச்சா சரியாகிடும். மேல தண்ணி பிரிஞ்சு விழற குழாய்ல ஓட்டை அடைச்சாலும் ஒரு பக்கம் மட்டும் சொட்டு சொட்டா விழும், ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த "டொக்... டொக்" ஒண்ணு போதும் தூக்கத்தைக் கெடுக்க, குண்டூசியால ஒவ்வொரு ஓட்டையா குத்தி விடுங்க. வாரம் ஒரு தடவை தொட்டித் தண்ணியைப் பூரா கொட்டிட்டுப் புதுசா ஊத்துங்க, உப்பு படியறதும் கொறையும், டெங்கு கொசு முட்டை வைக்கவும் எடம் இருக்காது, அது நல்ல தண்ணிலதான் வளரும்.

இன்னொண்ணு, கூலர் ஓடறப்ப எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் தொறந்திருக்கணும், இல்லன்னா ரூம் கசகசன்னு ஆயிடும். எந்த ஜன்னலைத் தொறக்கறதுங்கறது சத்தத்துக்கு ரொம்ப முக்கியம். ரோட்டுப் பக்கம், தண்டவாளம் பக்கம் இருக்கறதை மூடிட்டு கொல்லைப் பக்கம் இருக்கறதைத் தொறங்க, அது இல்லன்னா ஹால் கதவை ஒரு சாண் தொறந்து வெச்சுட்டு ஹால் ஜன்னலைத் தொறக்கலாம், காத்து சுத்தி வெளிய போய்டும், ரோட்டு சத்தம் நேரா காதுக்கு வராது.

ஏசி

ஏசில எந்த சத்தம் சாதாரணம் எது கோளாறுன்னு தெரியாமத்தான் முக்காவாசிப் பேர் பயப்படறாங்க. ஆன் பண்ண ஒடனேயும் ஆஃப் பண்ண அப்புறமும் "டிக் டிக்"னு கேக்கறது பிளாஸ்டிக் சூட்டுக்கும் குளிருக்கும் சுருங்கி விரியறது, விட்டுடலாம். நின்ன அப்புறம் கொஞ்ச நேரம் "ஸ்ஸ்"னு கேக்கறது கேஸ் உள்ள சமமாகறது, அதுவும் சாதாரணம். ஆனா ஓடறப்ப விடாம "ஸ்ஸ்"னு கேட்டு கூலிங்கும் கொறைஞ்சா கேஸ் லீக்கா இருக்கலாம், ஆளைக் கூப்பிடுங்க. "கொள கொள"ன்னு கேட்டா தண்ணி வெளியேத்தற பைப் எங்கயோ மேல ஏறி எறங்குது, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சரிவா இருக்கணும், பைப் முனை பக்கெட் தண்ணில மூழ்கியிருந்தாலும் இதே சத்தம் வரும். காத்து "பட பட"ன்னு விட்டு விட்டு அடிச்சா உள்ள நீளமா உருண்டையா சுத்தற பிளோயர்ல அழுக்கு ஒட்டி பேலன்ஸ் போயிருக்கு, சர்வீஸ்ல அதையும் கழுவச் சொல்லிக் கேளுங்க, கேக்கலன்னா ஃபில்டரை மட்டும் அலசிட்டுப் போய்டுவாங்க. ஃபில்டரை நாமளே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவலாம், அது அடைச்சா காத்து திணறி சத்தமும் ஜாஸ்தி, கூலிங்கும் கம்மி.

வெளிய இருக்கற யூனிட்டுதான் பெரிய தலைவலி. காத்து வழியா வர்ற சத்தம் ஒரு பக்கம்னா செவுரு வழியா வர்ற அதிர்வு இன்னொரு பக்கம், இந்த ரெண்டாவதுதான் கட்டில்ல படுத்தா "ம்ம்ம்"னு தலைக்குள்ளயே கேக்கற மாதிரி இருக்கும். எங்க தெரு மெக்கானிக் அண்ணா ஒரு வேலை செய்வாரு, நீளமான ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து கைப்பிடியைக் காது பக்கத்து எலும்புல ஒட்டி, முனையை பிராக்கெட்டுல ஒரு தடவை, செவுத்துல ஒரு தடவை, காப்பர் பைப் கட்டியிருக்கற எடத்துல ஒரு தடவைன்னு வெச்சுக் கேப்பாரு, எங்க சத்தம் தெளிவா இருக்கோ அங்கதான் அதிர்வு உள்ள போகுது. நீங்களும் செய்யலாம், கரண்ட் வயர் பக்கமோ சுத்தற ஃபேன் பக்கமோ மட்டும் போகாதீங்க, மாடில வெளிச் செவுத்துல தொங்கற யூனிட்டுக்கு எட்டிப் பாத்துச் செய்யாதீங்க. பிராக்கெட்டுன்னா யூனிட்டுக்குக் கீழ தடிமனான ரப்பர் பேட் நாலு போட்டு போல்ட்டை டைட் பண்ணணும். பைப்புன்னா அது செவுத்தைத் தொடற எடத்துல ஃபோம் சுத்தணும். அப்புறம் யாருமே பாக்காத எடம் ஒண்ணு இருக்கு, பைப் உள்ள வர்றதுக்கு செவுத்துல போட்ட ஓட்டை. அதை முழுசா அடைக்காம ஒரு பிளாஸ்டிக் மூடியை மட்டும் போட்டுட்டுப் போயிருப்பாங்க, அந்த ஓட்டை வழியா வெளிய இருக்கற மொத்த சத்தமும் நேரா ரூமுக்குள்ள வரும், கூடவே பல்லியும் எறும்பும் வரும். பைப்பைச் சுத்தி ஓட்டை அடைக்கற புட்டி பசை வெச்சு நல்லா அடைச்சுடுங்க.

சத்தம் வருதுன்னு அவுட்டோர் யூனிட்டை தகரம் போட்டோ பலகை போட்டோ மூடிடாதீங்க. சூடான காத்து வெளிய போக வழியில்லாம அதே காத்தைத் திரும்ப இழுத்து கம்ப்ரஸர் திணறும், சத்தமும் பில்லும் சேந்து ஏறும்.

செட் பண்ற டிகிரிக்கும் சத்தத்துக்கும் நேரா சம்பந்தம் இருக்கு. 2020 ஜனவரில இருந்து ஸ்டார் லேபிள் போட்ட ஏசி எல்லாம் போட்டதும் 24 டிகிரில நிக்கற மாதிரிதான் வருது, நாமதான் வந்ததும் 18க்குக் கொறைக்கறோம். 26, 27ல வெச்சுட்டு சீலிங் ஃபேனை ரெண்டுல போட்டா இன்வெர்ட்டர் ஏசின்னா (கரண்ட் போனா ஓடற இன்வெர்ட்டர் இல்ல, கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் கொறைக்கற ஏசி) கம்ப்ரஸர் மெதுவா சீரா ஓடும். சாதா ஏசின்னா ஓடி நின்னு ஓடி நின்னு அந்த "டொக்"னு ஸ்டார்ட் ஆகற சத்தம்தான் எழுப்பி விடும், அதுக்கும் டிகிரி ஏத்தி வெச்சா மொத்தமா ஓடற நேரம் கொறையும். சின்ன ரூமுக்குப் பெரிய டன் ஏசி வாங்கறதும் தப்பு, சீக்கிரம் குளிர்ந்து நின்னு திரும்ப ஸ்டார்ட் ஆகிட்டே இருக்கும்.

ஸ்டெபிலைசர் "டக்... டக்"னு அடிக்கறது சாயங்காலம் வோல்டேஜ் ஏறி எறங்கறப்ப உள்ள ரிலே மாறுற சத்தம். தலைமாட்டுல இருந்து எடுத்து கால் பக்கச் செவுத்துக்கு மாத்துங்க, செவுத்துக்கும் அதுக்கும் நடுவுல ரப்பர் வைங்க. விடாம அடிச்சுட்டே இருந்தா லைன்லயே பிரச்சனை, கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. ஆனா சுவிட்ச் போர்டுக்குள்ள இருந்தே "ஜ்ஜ்ஜ்"னு சத்தமோ கருகுன வாசனையோ வந்தா அது லூஸ் கனெக்ஷன், தீப்புடிக்கற விஷயம், மெயினை எறக்கிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, காலைல பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க.

கீசர், ஃப்ரிட்ஜ்

மார்கழில கீசர் போட்டா "கொட கொட, பட் பட்"னு கேக்குதா, அதுவும் அதே உப்புத் தண்ணி வேலைதான். ஹீட்டர் ராடு மேல சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு, அதுக்கு அடில மாட்டிக்கற தண்ணி கொதிச்சு வெடிக்கற சத்தம் அது. வருஷத்துக்கு ஒரு தடவை ராடையும் அதுக்குப் பக்கத்துல தொட்டி துருப்புடிக்காம இருக்க வெச்சிருக்கற ஆனோடு கம்பியையும் பாக்கச் சொல்லுங்க, தண்ணி சூட்டை ஃபுல்லா வைக்காம கொஞ்சம் கொறைச்சு வைங்க, படியறது மெதுவாகும். மேல இருக்கற வால்வுல இருந்து "ஸ்ஸ்"னு ஆவி வந்தா ஒடனே ஆஃப் பண்ணிடுங்க, ஆளு வந்து பாக்கற வரைக்கும் போடாதீங்க. ஃப்ரிட்ஜுக்கு ரெண்டே விஷயம், நாலு காலும் தரைல சமமா நிக்கணும், பின்னாடி செவுத்தை ஒட்டாம இருக்கணும். மேல அடுக்கி வெச்ச எவர்சில்வர் டப்பாவை எறக்குனா பாதி சத்தம் போய்டும்.

ரூமும் ஆளுங்களும்

டைல்ஸ் தரை, வழவழன்னு பூசுன செவுரு, மேல வெறும் தளம், இப்படி இருக்கற ரூம்ல எந்த சத்தமும் முட்டி முட்டித் திரும்பும், புதுசா குடி போன காலி வீட்ல பேசுனா எதிரொலிக்கும் பாருங்க, அதே கதைதான். கனமான துணில திரை, கீழ ஒரு பாய் இல்ல ஜமக்காளம், துணி அடுக்குன தொறந்த அலமாரி, இதெல்லாம் கீச்சுக் குரல் சத்தத்தை நல்லா வாங்கிக்கும். ஆனா கம்ப்ரஸரோட அடிக்குரல் முனகலுக்கு இது எதுவும் ஆகாது, அதை அங்கயேதான் அடக்கணும். ஏசி பிராக்கெட் மாட்டுன செவுத்தை ஒட்டி இரும்புக் கட்டில் இருந்தா நாலு விரல் தள்ளிப் போடுங்க, செவுத்து அதிர்வு கட்டில் வழியா நேரா வர்றது நிக்கும்.

வீட்ல காது மெஷின் வெச்சிருக்கற பெரியவங்க இருந்தா இதை இன்னும் கவனமா பாக்கணும். நம்ம குரலோட சேத்து கூலர் சத்தத்தையும் அந்த மெஷின் பெருசாக்கிக் குடுக்கும், அவங்களுக்கு நாம பேசறது பிரியாது, ரெண்டு மூணு தடவை "என்னம்மா?"ன்னு கேப்பாங்க, அப்புறம் கேக்கறதையே விட்டுட்டு ஒதுங்கி உக்காந்துடுவாங்க. பேச உக்காந்தா அஞ்சு நிமிஷம் கூலரை ஆஃப் பண்ணுங்க, இல்ல கூலருக்கு அவங்க முதுகைக் காட்டற மாதிரி உக்கார வெச்சு எதிர்ல உக்காந்து முகத்தைப் பாத்துப் பேசுங்க. பரீட்சைக்குப் படிக்கற புள்ளைங்களுக்கும் மனப்பாடம் பண்றப்ப விட்டு விட்டு வர்ற சத்தம்தான் எதிரி, அவங்க மேஜையை ஏசிக்குக் கீழ போடாதீங்க. கைக்குழந்தை ரூம்ல ஃபேன் சத்தம் சீரா இருந்தா நல்லாவே தூங்கும், அதுக்காக சத்தத்தை வேணும்னே ஏத்தி வைக்க வேணாம்.

இதெல்லாம் பண்றதுக்கு நேரம் மாசி மாசம்தான். சித்திரை வந்துட்டா காட்பாடிலயும் சரி சித்தூர்லயும் சரி மெக்கானிக் யாரும் ஃபோனே எடுக்க மாட்டாங்க, வந்தாலும் அவசர அவசரமா பாத்துட்டு ஓடுவாங்க. புதுசா ஏசி வாங்கறவங்க கடைல ஸ்டார் எத்தனைன்னு கேக்கற மாதிரி உள் யூனிட், வெளி யூனிட் ரெண்டுக்கும் டெசிபல் எவ்வளவுன்னு கேளுங்க, லீஃப்லெட்ல போட்டிருப்பாங்க. மாட்ட ஆளு வந்து செவுத்துல துளை போடறதுக்கு முன்னாடி வெளி யூனிட் வைக்கற எடத்துல நின்னு பக்கத்து வீட்டு ஜன்னல் எங்க இருக்குன்னு பாருங்க, நம்ம ஊர் வீட்டுக்கு நடுவுல இருக்கற சந்து குறுகல், சத்தம் ரெண்டு செவுத்துலயும் முட்டி எதிர் வீட்டுக்குள்ளதான் போகும், மொட்டை மாடில தூண் இருக்கற எடத்துக்கு மேல ரப்பர் பேட் போட்டு வைக்க முடியுமான்னு கேளுங்க, இல்லன்னா தெருப் பக்கம் மாத்துங்க, பக்கத்து வீட்டு அக்காவையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுக் காட்டிட்டு அப்புறம் ட்ரில்லைப் போடச் சொல்லுங்க.